நூற்பாவும் உரையும்: இராமானுஜனின் எழுத்துகள்வழிக் கணித ஆய்வுரை உருவாக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கணிதத்தில் ஒரு முடிவைக் கண்டறிதலும், அதனைப் பிறர் படிப்படியாகச் சரிபார்க்குமாறு எழுதி அச்சேற்றுதலும் வெவ்வேறு பணிகளாகும். சீனிவாச இராமானுஜனின் எழுத்துகள் குறிப்பேடு, இதழ் வினா, ஆய்வுக் கட்டுரை, பட்ட ஆய்வேடு எனப் பல வடிவங்களில் கிடைப்பதால், இவ்விரு பணிகளுக்கும் இடையிலான தொலைவை அளந்தறிய அவை தக்க சான்றுகளாகின்றன. அவ்வடிவங்களை ஒப்பிட்டு, கணித எழுத்தில் உரை இன்றியமையாத கூறாக இருப்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நூற்பா, காண்டிகை, விருத்தி எனும் தமிழ் மரபுக் கருத்தாக்கங்கள் இவ்விளக்கத்திற்கு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கணித உரைநடை, நிறுவல், நூற்பா, காண்டிகை, விருத்தி, பதிப்பியல், இராமானுஜன், ஆய்வேடு.

1. முன்னுரை

நூலின் இலக்கணத்தைத் தமிழ் மரபு தனியே வகுத்துரைத்துள்ளது. தொல்காப்பிய மரபியலும் நன்னூல் பொதுப்பாயிரமும் நூல், நூற்பா, உரை ஆகியவற்றின் இயல்புகளைக் கூறுகின்றன. நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்து, அழகுகள் பத்து, உத்திகள் முப்பத்திரண்டு எனப் பட்டியலிடுகிறது. சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் அழகுகளாகவும், குன்றக் கூறலும் மயங்க வைத்தலும் குற்றங்களாகவும் அங்கு இடம்பெறுகின்றன. சுருக்கம் எங்கே அழகாகிறது, எங்கே குன்றக் கூறலாகிறது என்னும் வினா இலக்கண நூலுக்கு மட்டும் உரியதன்று. கணித ஆய்வுக் கட்டுரை எழுதுவோரும், அதனை மதிப்பிடும் இதழாசிரியரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாவும் இதுவே.

இராமானுஜன் (1887–1920) பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் மேதைமையையும் பேசுகின்றன. அவர் எழுதியவை எவ்வாறு அச்சுக்கு ஏற்ற பனுவல்களாயின என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. பனுவல் உருவாக்கத்தையும் பதிப்பையும் ஆராயும் தமிழியலுக்கு இது அயலான பொருளன்று. எனவே இக்கட்டுரை அவருடைய எழுத்துகளைப் பனுவல்கள் என்னும் நிலையில் அணுகுகிறது.

2. குறிப்பேட்டின் இயல்பு

கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் ஒன்று இராமானுஜனுக்குக் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் தேர்வுகளுக்கு மாணவர்களைப் பயிற்றுவித்த தனியாசிரியர் அவர். ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசை எண்ணிட்டு அடுக்கிய அந்நூலில் நிறுவல்கள் மிகச் சுருக்கமாகவே தரப்பட்டிருந்தன. இராமானுஜனின் குறிப்பேடுகளும் பெரிதும் இவ்வமைப்பையே பின்பற்றின. தாளின் விலை காரணமாக அவர் சிலேட்டில் கணக்கிட்டு, முடிவை மட்டும் ஏட்டில் எழுதிக்கொண்டார். வழி அழிந்து போக, முடிவு மட்டும் எஞ்சியது.

பின்னாளில் இக்குறிப்பேடுகளைப் பதிப்பித்த புரூஸ் பெர்ன்ட் அவற்றில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருப்பதாகக் கணக்கிட்டார். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை. ஒரு நூற்பாவுக்கு உரிய செறிவு அவற்றுக்கு உண்டு. எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. இலக்கண நூற்பா, ஆசிரியர் மாணாக்கர் வழிவரும் பாடமரபுக்குள் இயங்குவது. அதன் பொருளை வாய்மொழியாக விரித்துரைக்க ஓர் ஆசிரியர் உடனிருப்பார் என்பது அதன் எதிர்பார்ப்பு. இராமானுஜனின் குறிப்பேட்டைச் சூழ்ந்து அத்தகைய பாடமரபு எதுவும் இருக்கவில்லை. எழுதியவர் ஒருவரே அதன் உரையாசிரியராகவும் இருந்தார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலர் ஹார்டிக்கு அவர் அனுப்பிய கடிதம் இக்குறிப்பேட்டு நடையிலேயே அமைந்தது. முடிவுகள் அடுக்கப்பட்டிருந்தன, நிறுவல்கள் இல்லை. ஹார்டி தம் மறுமொழியில் முதன்மையாகக் கேட்டது நிறுவல்களையே. தம் வழிமுறைகளை ஒரே கடிதத்தில் சுட்டினால் அவற்றைப் பின்தொடர இயலாது என்பது இராமானுஜனின் விடையின் சாரம். அக்கடிதங்களில் பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் கூறியவை சில பிழையானவை எனப் பின்னர்த் தெரிந்தது. ஏனைய பல முடிவுகள் சரியானவை. சில முற்றிலும் புதியவை. கடிதத்தைப் படிப்பவருக்கு இவ்விரு வகையையும் பிரித்தறியும் வழி அதன் எழுத்தில் இல்லை. ஹார்டியின் கோரிக்கைக்கு இதுவே அடிப்படை.

3. இதழ் வினாவும் விடுபட்ட படியும்

வி. இராமசாமி ஐயரின் முயற்சியால் 1907இல் தோன்றிய அமைப்பே பின்னர் இந்தியக் கணிதக் கழகம் எனப் பெயர் பெற்றது. அக்கழகத்தின் இதழில் வாசகர்கள் வினா விடுத்தலும் பிறர் விடை எழுதுதலும் ஒரு நிலையான பகுதியாக இருந்தது. 1911இல் இராமானுஜன் அங்கு வெளியிட்ட 289ஆம் வினா, முடிவில்லாமல் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்ட வர்க்கமூலங்களின் மதிப்பைக் கேட்டது. முதல் வர்க்கமூலத்தினுள் ஒன்றும், அதனுடன் இரண்டின் மடங்காக மற்றொரு வர்க்கமூலமும். அதனுள் ஒன்றும், மூன்றின் மடங்காக அடுத்த வர்க்கமூலமும். இவ்வாறு தொடரும் கோவை அது. சில மாதங்கள் கடந்தும் விடை வராத நிலையில் அவரே விடையளித்தார். விடை 3.

அவர் காட்டிய வழி எளிமையானது. 3இன் வர்க்கம் 9. அது 1 + (2 × 4). அங்குள்ள 4இன் வர்க்கம் 16. அது 1 + (3 × 5). 5இன் வர்க்கம் 25. அது 1 + (4 × 6). ஒவ்வொரு படியிலும் கடைசி எண்ணை அதன் வர்க்கத்தின் மூலமாக எழுதிக்கொண்டே சென்றால் வினாவில் உள்ள கோவை கிடைக்கிறது. படிப்பவர் உடனே ஏற்கத்தக்க விளக்கம் இது. ஆயினும் இதில் ஒரு படி விடுபட்டுள்ளது.

அதனை ஓர் எதிர்க்காட்டால் அறியலாம். 3க்கு மாற்றாக 4இல் தொடங்குவதாகக் கொள்வோம். 4இன் வர்க்கம் 16, அது 1 + (2 × 7.5). 7.5இன் வர்க்கம் 56.25, அது 1 + (3 × 18.41...). அந்த எண்ணின் வர்க்கத்தையும் இவ்வாறே 1 + (4 × 84.5...) என எழுதலாம். இதனையும் முடிவின்றித் தொடர இயலும். எழுத்தளவில் அதே கோவைதான் உருவாகும். அவ்வாறாயின் விடை 4 என்றும் வாதிடலாகும். இரண்டு வாதங்களுக்கும் இடையில் உள்ள வேறுபாடு, ஒவ்வொரு படியிலும் எஞ்சும் எண்ணில் உள்ளது. முதல் வாதத்தில் அது 4, 5, 6 என மெல்ல வளர்கிறது. இரண்டாம் வாதத்தில் 7.5, 18.41, 84.5 எனப் பன்மடங்கு பெருகுகிறது. கோவையை ஏதேனும் ஓரிடத்தில் நிறுத்தி, எஞ்சும் பகுதியை நீக்கினால், முதல் வாதத்தில் மதிப்பு 3ஐ நெருங்குகிறது. இரண்டாம் வாதத்திலோ நீக்கப்படும் பகுதி புறக்கணிக்கத்தக்க அளவினதாக இல்லை. எனவே கோவை ஓர் எல்லையில் ஒருங்குகிறது என்பதையும், எஞ்சும் பகுதி அவ்வெல்லையைப் பாதிக்காது என்பதையும் காட்டினாலன்றி விடை நிறுவப்பட்டதாகாது.

இராமானுஜனின் விடை சரியானதே. அவர் எழுதிய விளக்கம் மட்டுமே அதனை உறுதிப்படுத்தப் போதாது. 1927இல் அவருடைய கட்டுரைத் தொகுப்பு கேம்பிரிட்ஜில் வெளிவந்தபோது, இத்தகைய அடுக்கு மூலங்கள் ஒருங்குவதற்குரிய நிபந்தனையைக் கூறும் தேற்றமொன்று பின்னிணைப்புக் குறிப்பில் சேர்க்கப்பட்டது. அதனை அளித்தவர் தி. விஜயராகவன். நூற்பாவில் சொல்லப்படாதாயினும் அதன் பொருள் நிலைபெற இன்றியமையாதவற்றைச் சேர்த்து ஐயம் அகற்றுவது விருத்தியுரையின் பணி என்பது நன்னூல் கருத்து. விஜயராகவனின் குறிப்பு அப்பணியையே செய்கிறது.

4. முதல் கட்டுரையும் இதழாசிரியர் பணியும்

அதே 1911இல் பெர்னூலி எண்களின் சில பண்புகள் பற்றிய இராமானுஜனின் முதல் முழுநீளக் கட்டுரை இந்தியக் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. அடுத்தடுத்த முழு எண்களின் அடுக்குகளைக் கூட்டும் வாய்பாடுகளில் தோன்றும் பின்னங்கள் பெர்னூலி எண்கள் எனப்படும். குறியை நீக்கிப் பார்த்தால் 1/6, 1/30, 1/42 என அவ்வரிசை செல்லும். இதழின் ஆசிரியர் பெங்களூரு மத்தியக் கல்லூரிப் பேராசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார். இக்கட்டுரை அச்சுக்கு ஏற்ற வடிவம் பெறுமுன் ஒருமுறைக்கு மேல் திருப்பி அனுப்பப்பட்டதாகவும், இராமானுஜனின் முறைகள் மிகச் செறிவாகவும் புதுமையாகவும் இருந்தமையாலும் எடுத்துரைப்பில் தெளிவு குறைந்தமையாலும் பொது வாசகர் அவற்றைப் பின்தொடர இயலவில்லை என்றும் அவருடைய ஆசிரியர் பி. வி. சேஷு ஐயர் பதிவு செய்துள்ளார்.

இச்செய்தி வாழ்க்கை வரலாறுகளில் ஒரு தடையாக மட்டுமே காட்டப்படுவதுண்டு. பனுவல் நோக்கில் காணும்போது, குறிப்பேட்டு நடையில் எழுதிப் பழகிய ஒருவர் கட்டுரை நடைக்கு மாறியது இந்நிகழ்வில்தான் என்பது புலனாகும். திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரை நிராகரிக்கப்படவில்லை. ஒவ்வொரு முறையும் அது திருத்தம் பெற்று மீண்டது. கணிதம் அறிந்த ஓர் இதழாசிரியர், எழுத்தாளருக்கு முதல் வாசகராக நின்று வினவிய வினாக்களே அத்திருத்தங்களுக்கு அடிப்படையாக அமைந்தன. காண்டிகையுரையின் உறுப்புகளாக நன்னூல் கூறும் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகியவற்றுள் வினாவும் விடையும் இவ்வாறு அச்சுக்கு முன்னரே பனுவலுக்குள் நுழைந்துவிடுகின்றன.

எனினும் இக்கட்டுரையிலும் குறிப்பேட்டு இயல்பு முழுவதும் நீங்கிவிடவில்லை. நிறுவப்பட்ட முடிவுகளோடு, மதிப்புகளின் பட்டியலை நோக்கிப் பெறப்பட்ட கூற்றுகளும் அதில் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று, பெர்னூலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் கிடைக்கும் பின்னத்தின் தொகுதி பகா எண்ணாக இருக்கும் என்பது. 1ஐயும் பகா எண்களுள் சேர்த்துக்கொண்டால், தொடக்க மதிப்புகளில் இது பொருந்துகிறது. பன்னிரண்டாம் எண்ணில் 691, பதினாறாம் எண்ணில் 3617, பதினெட்டாம் எண்ணில் 43867 என வரும் தொகுதிகள் பகா எண்களே. இருபதாம் எண்ணில் தொகுதி 174611. அது 283, 617 ஆகிய இரண்டின் பெருக்கம். ஆகவே கூற்று அவ்விடத்தில் தவறுகிறது.

அதே இடத்தில் கூறப்பட்ட மற்றொரு செய்தி, பெர்னூலி எண்ணின் பகுதியில் 2, 3 ஆகிய காரணிகள் ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே இடம்பெறும் என்பது. இது சரியானது. 1840இலேயே வான் ஸ்டாட், கிளவுசன் ஆகிய இருவர் தனித்தனியே நிறுவிய தேற்றத்திலிருந்து இது பெறப்படும். ஆகவே ஒரே பத்தியில், பிழையான ஒரு கூற்றும், முன்பே பிறரால் நிறுவப்பட்ட உண்மை ஒன்றும் வேறுபாடின்றி அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் ஒரே தொனியில் கூறப்பட்டமையே வாசகரின் இடர்ப்பாடு. தேற்றம், கிளைத்தேற்றம், ஊகம், அட்டவணையில் கண்ட ஒழுங்கு என ஒவ்வொரு கூற்றின் தகுதியையும் பெயரிட்டு வேறுபடுத்தும் வழக்கம் கணித இதழ்களில் இன்று கட்டாயமாகியுள்ளது. அவ்வழக்கத்தின் தேவையை இப்பத்தி தெளிவாகக் காட்டுகிறது.

5. ஆய்வேடும் அச்சுச் செலவும்

1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன், அடுத்த ஆண்டு மிகுபகு எண்கள் பற்றிய நீண்ட கட்டுரையை இலண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்டார். தன்னினும் சிறிய எந்த எண்ணையும்விட மிகுதியான காரணிகளை உடைய எண் மிகுபகு எண் எனப்படும். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. 24, 36, 48, 60, 120 என இவ்வரிசை தொடர்கிறது. இந்த ஆய்வின் அடிப்படையில் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வுவழி இளங்கலைப் பட்டம் வழங்கியது. முனைவர் பட்டம் அங்கு அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. இந்தியாவில் இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தேறாதவருக்குப் பட்டம் அளித்த ஆய்வேடு இது.

நடையிலும் இது முந்தைய எழுத்துகளினின்று வேறுபடுகிறது. வரையறை முதலில் அமைகிறது. எளிய பண்புகள் அடுத்து நிறுவப்படுகின்றன. அட்டவணை அவற்றைக் காட்டுகிறது. பிரிவுகளும் சமன்பாடுகளும் எண்ணிடப்பட்டுப் பின்வரும் வாதங்களில் அவ்வெண்களாலேயே சுட்டப்படுகின்றன. நிறுவப்படாத ரீமான் கருதுகோளைச் சார்ந்த முடிவுகள், அதனைச் சார்ந்தவை என்றே குறிக்கப்படுகின்றன. 1911இல் ஒரே தொனியில் நின்ற கூற்றுகள் இங்குத் தகுதி வேறுபாட்டோடு நிற்கின்றன. முறையின் வைப்பு எனும் நூலழகு இவ்வேட்டில் முழுமை பெறுகிறது.

ஆனால் அச்சான வடிவம் முழுமையானதன்று. அது முதல் உலகப் போர்க்காலம். இலண்டன் கணிதக் கழகம் பணநெருக்கடியில் இருந்தது. செலவைக் குறைக்கும் பொருட்டு இராமானுஜன் தாம் எழுதியதில் ஒரு பகுதியை நீக்கிவிட்டார். அறுபது பக்கங்களுக்கு மேற்பட்ட கட்டுரை இவ்வாறு குறைக்கப்பட்ட வடிவமே என்பது கட்டுரைத் தொகுப்பின் குறிப்புகளால் அறியப்படுகிறது. நீக்கப்பட்ட பகுதியின் பெரும்பங்கு கையெழுத்துப் படியாகவே எஞ்சியிருந்து, 1988இல் நரோசா பதிப்பகம் வெளியிட்ட தொலைந்த குறிப்பேட்டுத் தொகுதியில் நிழற்படியாக வெளிவந்தது. 1997இல் ழான்-லூயி நிக்கோலாவும் கி ரோபனும் அதனைக் குறிப்புகளுடன் இராமானுஜன் பெயரிலான ஆய்விதழின் முதல் தொகுதியில் அச்சிட்டனர்.

இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது கவனத்திற்குரியது. 1984இல் ரோபன் ஒரு தேற்றத்தை வெளியிட்டிருந்தார். ஓர் எண்ணின் காரணிகளைக் கூட்டினால் வரும் தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களும் அவ்வரம்புக்குள் அடங்கும் என்பதும், ரீமான் கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றுக்கொன்று சமம் என்பது அதன் கருத்து. ரீமான் கருதுகோளை ஏற்றால், போதிய அளவு பெரிய எண்கள் யாவும் அவ்வரம்புக்கு உட்படும் என்னும் பகுதியை இராமானுஜனின் நீக்கப்பட்ட பக்கங்களிலிருந்து பெறலாம் என்பது பின்னரே தெரியவந்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அம்முடிவு கணித உலகில் இல்லாதது போலவே இருந்தது. அதனை மறைத்தது நிறுவலின் குறைபாடன்று, அச்சுக்கூலி.

கணித அச்சுக்கு ஏன் அவ்வளவு செலவாயிற்று என்பதையும் கருத வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் உரைநடை வரிகளை விரைவாகக் கோக்கலாம். சமன்பாட்டில் மேலெழுத்து, கீழெழுத்து, பின்னக்கோடு, மூலக்குறி ஆகியன வெவ்வேறு உயரங்களில் நிற்பதால், அச்சுக்கோப்பவர் ஒவ்வொன்றையும் கையால் பொருத்தி இடைவெளித் துண்டுகளால் நிலைநிறுத்த வேண்டியிருந்தது. மெய்ப்பில் ஒரு குறியீட்டை மாற்றினாலும் முழுச் சமன்பாட்டையும் கலைத்துக் கோக்க நேரலாம். எழுத்தாளர் தம் வாதத்தைச் சுருக்கியதற்குப் பல வேளைகளில் இதுவும் ஒரு காரணம்.

இந்நிலை 1970களின் இறுதியில் மாறத் தொடங்கியது. தம் நூலின் மறுபதிப்பு மெய்ப்பு ஒளியச்சில் தரம் குன்றி வந்ததைக் கண்ட டொனால்ட் நூத், 1977இல் டெக் என்னும் கணினி அச்சுக்கோப்பு நிரலை உருவாக்கத் தொடங்கினார். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் லேடெக் அமைப்பை எழுதினார். தேற்றம், நிறுவல், வரையறை போன்ற உறுப்புகளைப் பெயரிட்டு எழுதினால் எண்ணிடுதலையும் சுட்டுகளையும் அதுவே ஒழுங்குபடுத்தும். 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் எனும் மின்களஞ்சியம் பக்க எண்ணிக்கைத் தடையையும் பெரும்பாலும் நீக்கியது. இன்று இராமானுஜன் நீக்கியது போன்ற பகுதியைச் செலவு கருதி நீக்க வேண்டிய தேவை இல்லை. ஆயின் எழுத்தாளரே அச்சுக்கோப்பவராகவும் ஆகிவிட்டமையால், பார்வைக்கு ஒழுங்காக அமைந்த பக்கம் வாதத்திலும் ஒழுங்குடையது என்னும் மயக்கம் உண்டாக இடமேற்படுகிறது. நிரல் சமன்பாட்டை நேராக நிறுத்தும். விடுபட்ட படியை நிரப்பாது.

6. குறிப்பேடுகளின் பதிப்பும் உரைமரபும்

இராமானுஜனின் மறைவுக்குப் பின் அவருடைய குறிப்பேடுகளைப் பதிப்பிக்கும் பணியை வாட்சன், வில்சன் ஆகிய இருவர் 1929 அளவில் ஏற்றனர். 1935இல் வில்சன் மறைந்தார், பணி நிறைவுறவில்லை. 1957இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் குறிப்பேடுகளை இரு தொகுதிகளாக நிழற்படியில் வெளியிட்டது. மூலம் அனைவர்க்கும் கிடைத்தது, உரை கிடைக்கவில்லை. அதனைச் செய்தவர் பெர்ன்ட். 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக அவருடைய பதிப்பு வெளிவந்தது. ஒவ்வொரு பதிவையும் எடுத்துரைத்து, முன்பே அறியப்பட்டதாயின் அது காணப்படும் இடத்தைச் சுட்டி, அல்லாததாயின் நிறுவலை எழுதி, பிழையாயின் திருத்தி அமைப்பது அதன் முறை. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டறிந்த தொலைந்த குறிப்பேட்டுக்கும் இத்தகைய ஐந்து தொகுதிகள் 2005 முதல் 2018 வரை ஆண்ட்ரூஸ், பெர்ன்ட் ஆகியோரால் வெளியிடப்பட்டன.

தமிழ்ப் பதிப்பியலை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. உ. வே. சாமிநாத ஐயர் சீவக சிந்தாமணியை உரையுடன் பதிப்பித்த 1887ஆம் ஆண்டே இராமானுஜன் பிறந்த ஆண்டு. ஐயர் 1903 வரை பணியாற்றிய கும்பகோணம் அரசுக் கல்லூரியில்தான் 1904இல் இராமானுஜன் மாணவராகச் சேர்ந்தார். இவ்வொற்றுமை தற்செயலானது. பணியின் தன்மையில் உள்ள ஒற்றுமையோ தற்செயலானதன்று. மூலத்தை உள்ளவாறு நிறுத்துதல், பாடத்தின் ஐயங்களைக் குறித்தல், பிற நூல்களோடு ஒப்பிடுதல், பொருள் விளங்கச் செய்தல் ஆகியன இரு களங்களுக்கும் பொது. கணிதப் பதிப்பில் கூடுதலாக ஒன்று வேண்டும். மூலம் கூறுவது உண்மையா என்பதையும் பதிப்பாசிரியர் நிறுவ வேண்டும்.

உரை தாமதிப்பதால் விளைவது என்ன என்பதற்கு இராமானுஜனின் 1914ஆம் ஆண்டுக் கட்டுரை ஒரு சான்று. அதில் பையின் தலைகீழியைக் கணக்கிடும் பதினேழு தொடர்கள் மிகச் சுருக்கமான விளக்கத்துடன் தரப்பட்டன. 1985இல் வில்லியம் கோஸ்பர் அவற்றுள் ஒன்றைக் கொண்டு கணினியில் பையின் மதிப்பை 1 கோடியே 75 இலட்சம் இலக்கங்களுக்கு மேல் கணித்தார். அத்தொடருக்கு முழு நிறுவல் அப்போது அச்சில் இல்லை. போர்வைன் சகோதரர்கள் 1987இல் வெளியிட்ட நூலில் அது இடம்பெற்றது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அத்தொடர் அச்சில் இருந்தும், பயன்படுத்துவோர் அதனை நம்பிக்கையின் பேரிலேயே ஏற்க வேண்டியிருந்தது.

7. கணித ஆய்வுரைக்கான நெறிகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து கணிதக் கட்டுரையையும் ஆய்வேட்டையும் அச்சுக்கு ஆயத்தம் செய்வோர் கொள்ளத்தக்க நெறிகள் சில பெறப்படுகின்றன.

முதலாவது, கூற்றின் தகுதியைக் குறித்தல். நிறுவியது, பிறர் நிறுவியது, ஊகிப்பது, எண்களில் கண்டது ஆகியவற்றைப் பெயரால் வேறுபடுத்த வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் 1915ஆம் ஆண்டு ஆய்வேட்டுக்கும் இடையில் உள்ள முதன்மை வேறுபாடு இதுவே.

இரண்டாவது, சுருக்கத்தின் எல்லையை அறிதல். துறைசார் வாசகர் தாமே நிரப்பிக்கொள்ளக்கூடிய கணக்கீட்டை விடுவது சுருங்கச் சொல்லல். வாதத்தின் உண்மையே தங்கியிருக்கும் படியை விடுவது குன்றக் கூறல். 289ஆம் வினாவில் 9ஐ 1 + (2 × 4) எனப் பிரிப்பதை விளக்காது விடலாம். எஞ்சும் பகுதி பற்றிய வாதத்தை விடலாகாது. விடுபட்ட இடத்தில் 4 போன்ற வேறொரு விடையும் நுழைய இயலுமா என்று சோதிப்பதே இவ்வெல்லையை அறியும் வழி.

மூன்றாவது, சமன்பாட்டை வாக்கியத்தின் உறுப்பாகக் கொள்ளல். சமன்பாடு தனிவரியில் நின்றாலும் அது ஒரு வாக்கியத்தின் எழுவாயாகவோ பயனிலையாகவோ இயங்குகிறது. அதன் முன்னும் பின்னும் உள்ள சொற்கள் அதன் வேலையைக் கூற வேண்டும். ஆகவே, ஏனெனில், எனக் கொள்வோம் போன்ற சொற்கள் இல்லாத சமன்பாட்டு வரிசை, குறிப்பேட்டுப் பதிவாகவே நின்றுவிடும். ஒவ்வொரு குறியீடும் பயன்படுமுன் வரையறுக்கப்பட வேண்டும் என்பதும், ஒரே குறியீடு இரு பொருளில் வரலாகாது என்பதும் இதனோடு சேர்ந்தவை. மீறினால் மயங்க வைத்தல் எனும் குற்றம் நேரும்.

நான்காவது, மீண்டும் எழுதுதல். பால் ஹால்மோஷ் கணிதம் எழுதுவது பற்றி 1970இல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டாம் இயலை எழுதியபின் முதலியலையும், மூன்றாம் இயலை எழுதியபின் முதலிரு இயல்களையும் திரும்ப எழுதும் சுருள்முறையைப் பரிந்துரைத்தார். பின்னர் வருவது என்ன என்று தெரிந்தபிறகே முன்னர்க் கூற வேண்டியது புலப்படும் என்பது அதன் காரணம். நாராயண ஐயங்கார் கட்டுரையைத் திருப்பி அனுப்பியதும் இத்தகைய மீள்எழுத்துக்கே வழிவகுத்தது.

8. முடிவுரை

இராமானுஜனின் எழுத்துகளைக் குறிப்பேடு முதல் ஆய்வேடு வரை ஒப்பிட்டு நோக்கும்போது, பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. குறிப்பேட்டில் உண்மையும் பிழையும் ஒரே வடிவில் நிற்கின்றன. அவற்றைப் பிரித்தறியும் வழியைத் தருவது நிறுவலை உள்ளடக்கிய உரை. அவ்வுரையை எழுத்தாளரே எழுதும்போது அது கட்டுரையாகிறது. அவர் எழுதாதபோது விஜயராகவன், பெர்ன்ட், போர்வைன் சகோதரர்கள் போன்ற பிறர் பின்னாளில் எழுத வேண்டியதாகிறது. அதற்குப் பல பத்தாண்டுகள் கழியலாம். அச்சேறாத பகுதி, நிறுவப்பட்டதாயினும், பிறர் மீண்டும் கண்டறியும் வரை பயன்படாமல் கிடக்கலாம் என்பதற்கு மிகுபகு எண்கள் ஆய்வேட்டின் நீக்கப்பட்ட பக்கங்கள் சான்று.

நூற்பாவையும் உரையையும் சேர்த்தே ஒரு நூலின் பயனை மதிப்பிட்ட மரபு தமிழில் உண்டு. அம்மரபின் கலைச்சொற்கள் கணித எழுத்தை ஆராயவும் பொருத்தமாக அமைவதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளால் காட்டியுள்ளது. தமிழில் எழுதப்படும் அறிவியல் ஆய்வேடுகளின் நடையை இச்சொற்களைக் கொண்டு மதிப்பிடுவது தொடர்ந்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.